முதியோர் இல்லத்தின் தரத்தை எப்படி மதிப்பிடுவது? பினாங்குக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

"நாளைக்கு அம்மாவை அழைத்துச் செல்லலாம்" என்று மருத்துவமனையில் சொல்லும் அன்றுதான் பல குடும்பங்கள் முதியோர் இல்லம் தேடத் தொடங்குகின்றன. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டவரையோ இடுப்பெலும்பு முறிந்தவரையோ நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருப்பதில்லை. மகனுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மருமகளும் வேலைக்குப் போகிறவர். மகள் சிங்கப்பூரில். கைப்பேசியில் நாலைந்து படங்களைப் பார்த்து, கட்டணத்தை விசாரித்து, ஒரே நாளில் இடம் முடிவாகிவிடுகிறது. ஒரு கார் வாங்குவதற்குச் செலவிடும் நேரம்கூட இதற்குக் கிடைப்பதில்லை.

அந்த அவசரத்தில் கண்ணில் படுபவை வாசல், வரவேற்பறை, விரித்த படுக்கை, பேசுகிறவரின் பணிவு ஆகியவைதான். இவை எதுவும் பராமரிப்பின் தரத்தைச் சொல்லாது. எழுந்து நடந்து, வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளக்கூடிய முதியவர் எந்த இல்லத்திலும் ஓரளவு சமாளித்துவிடுவார். வாய் பேச முடியாமல், தானாகப் புரண்டு படுக்க முடியாமல் இருப்பவரை ஓர் இல்லம் எப்படி வைத்திருக்கிறது என்பதே உண்மையான அளவுகோல். அதை எப்படிப் பார்ப்பது, என்ன கேட்பது, சேர்த்த பிறகு எதைக் கவனிப்பது என்பவை கீழே தொகுத்துத் தரப்படுகின்றன.

தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு

2030ஆம் ஆண்டளவில் மலேசிய மக்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள் என்று கணிக்கப்பட்டுள்ளது. தமிழ்க் குடும்பங்களில் இந்த மாற்றம் இன்னொரு மாற்றத்தோடு சேர்ந்தே வருகிறது. கலிடோனியா, பைராம், மலாக்கோஃப், பத்து காவான் என்று செபராங் பிறையின் தோட்டப் பெயர்களைச் சொன்னால் முந்தைய தலைமுறைக்கு லயன் வீடுகளும் ஆயா கொட்டகையும் கோயில் திடலும் நினைவுக்கு வரும். தோட்டத்தில் ஒரு பாட்டி படுத்துவிட்டால் பக்கத்து வீட்டார் கஞ்சி கொண்டுவந்து கொடுப்பார்கள், டிரெஸ்ஸர் வந்து பார்த்துவிட்டுப் போவார். பத்து காவான் இன்று தொழிற்பேட்டையும் புதுநகருமாக மாறியிருக்கிறது. அன்று தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள் பலர் இன்று மலிவு விலை அடுக்குமாடியின் மேல்தளத்தில், கதவைப் பூட்டிய வீட்டில், பிள்ளைகள் வேலை முடிந்து வரும்வரை தனியாக இருக்கிறார்கள்.

இந்த நிலையில் முதியோர் இல்லத்தைத் தேடுவதைப் பாவம் என்று நினைப்பது யாருக்கும் உதவாது. வீட்டில் தனியே கிடப்பதைவிட நல்ல இல்லத்தில் இருப்பது பலருக்கு மேலானது. ஆனால் வெட்கத்தால் பேசாமல் இருக்கும் குடும்பம் கேள்வி கேட்கவும் தயங்குகிறது. தரம் குறைந்த இல்லங்களுக்கு அந்தத் தயக்கம் வசதியாகிவிடுகிறது.

எத்தனை வகை இல்லங்கள், எந்தச் சட்டம்?

முதல் வகை அரசாங்க இல்லங்கள். சமூகநல இலாகா நடத்தும் ரூமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் 60 வயதுக்கு மேற்பட்ட, உறவினர் ஆதரவும் தங்க இடமும் இல்லாத, தொற்றுநோய் இல்லாத, தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடிய குடிமக்களுக்கானவை. பினாங்குக்கு அருகில் இருப்பவை கெடாவின் பீடோங்கிலும் பேராக்கின் தைப்பிங்கிலும் உள்ளன. ஆதரவற்று நாட்பட்ட நோயோடு இருப்பவர்களுக்கான ரூமா ஏசான் இல்லங்கள் கோல குபு பாருவிலும் டுங்குனிலும் உள்ளன. பிள்ளைகள் இருந்தும் பார்த்துக்கொள்ள முடியாத குடும்பங்களுக்கு இவ்வகை இல்லங்களில் இடம் கிடைப்பது அரிது.

இரண்டாவது வகை அறநிலைய இல்லங்கள். பினாங்கில் இவற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி விழா கொண்டாடப்பட்டது 1935இல். அதன் பெயரைத் தாங்கிய சில்வர் ஜூபிலி முதியோர் இல்லம் சுங்கை டுவாவில் இருக்கிறது. பத்து லஞ்சாங் சந்தில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற கத்தோலிக்கக் கன்னியர் சபை ஓர் இல்லம் நடத்துகிறது. பிரான்சில் 1839இல் ஜான் ஜூகான் என்ற பெண்மணி, கண் தெரியாத ஒரு மூதாட்டியைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்து தன் கட்டிலைக் கொடுத்ததில் தொடங்கிய சபை அது. இத்தகைய இல்லங்களில் யாரைச் சேர்ப்பது என்பதற்குத் தனி விதிகளும் காத்திருப்போர் பட்டியலும் இருக்கலாம்.

மூன்றாவது வகை தனியார் இல்லங்கள். தேடும் குடும்பங்கள் பெரும்பாலும் வந்து சேர்வது இங்கேதான். பல இல்லங்கள் பழைய பங்களாக்களிலும் இரட்டை மாடி வரிசை வீடுகளிலும் நடக்கின்றன.

சட்டப்படி, நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோர் தங்கிப் பராமரிக்கப்படும் இடம் 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் சமூகநல இலாகாவில் பதிவு செய்யப்பட வேண்டும். இது 506ஆவது சட்டம். பதிவில்லாமல் நடத்தினால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பதிவுக்கு ஊராட்சி மன்றம், தீயணைப்பு மீட்புப் படை, சுகாதார இலாகா ஆகியவற்றின் ஒப்புதலும் தேவைப்படும். முழுநேரத் தாதியர் சிகிச்சை தரும் தனியார் மருத்துவப் பராமரிப்பு இல்லம், அதாவது நர்சிங் ஹோம், சுகாதார அமைச்சின் பார்வையில் உள்ள 1998ஆம் ஆண்டின் 586ஆவது சட்டத்தின் கீழ் வருகிறது. தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்புக்கென்றே 2018ஆம் ஆண்டின் 802ஆவது சட்டமும் இயற்றப்பட்டது.

குடும்பத்துக்கு இதில் தேவையான கேள்வி ஒன்றுதான்: "உங்கள் இல்லம் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவானது? சான்றிதழைப் பார்க்கலாமா?" பலகையில் 'நர்சிங்' என்று எழுதியிருப்பதால் உள்ளே பதிவு பெற்ற தாதி இருக்கிறார் என்று ஆகிவிடாது. சான்றிதழில் இல்லத்தின் பெயர், முகவரி, காலாவதி தேதி ஆகிய மூன்றையும் சரிபார்க்க வேண்டும். ஒரு முகவரிக்குப் பெற்ற சான்றிதழைக் காட்டி அடுத்த தெருவில் உள்ள கிளையில் ஆளைச் சேர்ப்பதும் நடக்கக்கூடியதே.

பதிவு என்பது தொடக்கம் மட்டுமே

பதிவு இல்லாத இல்லத்தை ஒதுக்கிவிடலாம். ஆனால் பதிவு உள்ள இல்லமெல்லாம் நல்ல இல்லம் என்று சொல்லவும் முடியாது. இதற்கு வெளிநாட்டு அனுபவமே சாட்சி. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்ற பராமரிப்பு மருத்துவமனை இருந்தது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். பதிவு, ஆய்வாளர் வருகை எல்லாம் உண்டு. 2011இல் பிபிசி ரகசியக் கேமராவில் பதிவு செய்த காட்சிகள் ஒளிபரப்பான பிறகுதான் ஊழியர்கள் அவர்களை அடித்ததும் இழுத்ததும் வெளியே தெரிந்தது. 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஊழியராக இருந்த ஒருவர் முன்பே புகார் கொடுத்தும் கண்காணிப்பு ஆணையம் அதைக் கவனிக்கத் தவறியிருந்தது.

அமெரிக்காவில் 2008 முதல் மருத்துவப் பராமரிப்பு இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை அரசே மதிப்பெண் கொடுக்கிறது. பல ஆண்டுகள் ஊழியர் எண்ணிக்கையை இல்லங்களே எழுதிக் கொடுத்தன. 2018 முதல் சம்பளப் பதிவேட்டிலிருந்து அந்த எண்ணிக்கை எடுக்கப்பட்டபோது, நூற்றுக்கணக்கான இல்லங்களுக்கு ஊழியர் பிரிவில் ஒரே நட்சத்திரம்தான் மிஞ்சியது. தன்னைப் பற்றி இல்லமே சொல்லிக்கொள்வது பலவீனமான ஆதாரம் என்பதே இதில் கிடைக்கும் பாடம்.

மலேசியாவிலும் 2024 செப்டம்பரில் சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மாநிலங்களில் 20 இல்லங்களில் போலீசார் சோதனை நடத்தி 402 சிறார்களை மீட்டார்கள். அவை முதியோர் இல்லங்கள் அல்ல. ஆனாலும் வெளியாட்கள் அடிக்கடி வந்து போகாத எந்த இல்லத்துக்கும் அந்தச் செய்தி பொருந்தும்.

மூன்று அடுக்கு அளவுகோல்

பராமரிப்பின் தரத்தை எப்படி அளப்பது என்பதற்கு இன்றுவரை பயன்படும் வழியை 1966இல் எழுதியவர் அவெடிஸ் டோனபேடியன். பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகனில் பணியாற்றிய மருத்துவர் அவர். அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்று அடுக்குகளாகத் தரத்தை அவர் பிரித்தார். சமையலோடு ஒப்பிட்டால் எளிதில் புரியும். அடுப்பும் பாத்திரமும் அமைப்பு. சமைக்கும் விதம் செயல்முறை. சாப்பிட்டவரின் வயிறு நிறைந்ததா, கெட்டதா என்பது விளைவு. பளபளக்கும் சமையலறையில் மோசமான சாப்பாடும் தயாராகலாம்.

இல்லம் தேடும் குடும்பங்கள் பெரும்பாலும் முதல் அடுக்கோடு நின்றுவிடுகின்றன. ஏர்கோன் இருக்கிறதா, டிவி இருக்கிறதா, அறையில் எத்தனை பேர் என்பதோடு விசாரணை முடிகிறது. அதற்கடுத்த இரண்டு அடுக்குகளில்தான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள் உள்ளன.

முதல் வருகையில் பார்க்க வேண்டியவை

காலை பத்து மணிக்கு, சொல்லிவிட்டுப் போனால் எல்லா இல்லமும் சுத்தமாகத்தான் இருக்கும். முதல் முறை சொல்லிவிட்டுப் போகலாம். இரண்டாம் முறை சாயங்காலச் சாப்பாட்டு நேரத்தில், முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையிலோ பெருநாள் விடுமுறையிலோ போக வேண்டும். ஊழியர்கள் விடுப்பில் இருக்கும் நாளில் இல்லம் எப்படி நடக்கிறது என்பது அப்போது தெரியும்.

வாசனை முதல் சாட்சி. ஓர் அறையில், ஒரு வேளை சிறுநீர் வாடை வீசுவது இயல்பு. யாருக்காவது அப்போதுதான் டயாப்பர் மாற்ற வேண்டியிருக்கும். வீடு முழுக்க, எந்நேரமும் வீசினால் மாற்றுவதற்கு ஆள் போதவில்லை என்று பொருள். ஒரே நெடியாக டெட்டோல் வாடை வீசினாலும் அது எதை மறைக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில், ஊட்டிவிட வேண்டியவர்களைப் பார்க்க வேண்டும். ஊழியர் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய் கொடுக்கிறாரா? நின்றபடி நான்கு பேருக்கு மாறி மாறித் திணிக்கிறாரா? பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவது சிரமம். அவசரமாக ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரல் தொற்று வரும். மூக்குக் குழாய் வழியாகப் பால் கொடுக்கப்படுபவரின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தப்பட்டிருக்க வேண்டும். பால் கொடுத்தவுடன் தட்டையாகப் படுக்க வைத்திருந்தால் அடிப்படைப் பயிற்சியே இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

குடிதண்ணீர்க் குவளை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டயாப்பர் மாற்றும் வேலையைக் குறைக்கத் தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. உலர்ந்த உதடும் அடர்ந்த நிறச் சிறுநீரும் திடீர்க் குழப்பமும் அதன் அடையாளங்கள்.

அழைப்பு மணி இருந்தால் அது வேலை செய்கிறதா, அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று பார்க்கலாம். மணி இல்லையென்றால், இரவில் ஒருவர் எப்படி உதவி கேட்பார் என்று கேட்க வேண்டும்.

இரும்புக் கிரில்லும் பூட்டும் பினாங்கு வீடுகளில் சாதாரணம். முதியோர் இல்லத்தில் அவை உயிர்ப் பிரச்சினை. இரவில் தீப்பிடித்தால் சாவி யாரிடம், எங்கே? நடக்க முடியாதவர்கள் மேல்மாடியில் இருக்கிறார்களா? அவர்களை இறக்க எத்தனை பேர் இருப்பார்கள்? இதற்கு உடனே பதில் வராத இல்லம் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

எத்தனை பேருக்கு எத்தனை பேர்?

"மொத்தம் எத்தனை ஊழியர்?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் சமையல்காரர், ஓட்டுநர், உரிமையாளர் எல்லாரும் சேர்ந்திருப்பார்கள். கேட்க வேண்டியது வேறு. இன்றிரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? தங்கியிருப்போர் எத்தனை பேர், அவர்களில் படுக்கையோடு இருப்பவர்கள் எத்தனை பேர்? படுத்திருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது நெடுநாள் வழக்கம். ஒருவரை டயாப்பர் மாற்றித் திருப்பிப் படுக்க வைக்கப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 15 பேருக்கு 150 நிமிடம். ஒரே ஆள் இருந்தால் ஒரு சுற்று முடிவதற்குள் இரண்டு மணி நேரம் தாண்டிவிடும். இந்தக் கணக்கை அங்கேயே போட்டுப் பார்க்கலாம்.

ஊழியர்கள் எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முகங்கள் மாறும் இல்லத்தில், எந்தத் தாத்தாவுக்கு எந்தப் பக்கம் வலிக்கும் என்பது யாருக்கும் தெரியாது. ஊழியரிடம் தனியாக, அன்பாக, "இவருக்கு என்ன பிடிக்கும்?" என்று ஒருவரைக் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம். பெயர் சொல்லி, இரண்டு விஷயம் சொன்னால் அது நல்ல அடையாளம். 'ஏழாம் நம்பர் கட்டில்' என்று பதில் வந்தால் அதுவும் ஓர் அடையாளம்தான்.

உடம்பு பொய் சொல்லாது

விளைவைக் காட்டும் அளவுகோல்களில் குடும்பமே பார்க்கக்கூடியவை எடையும் தோலும்.

எடை: ஒரு மாதத்தில் உடல் எடையில் 5 விழுக்காடோ ஆறு மாதத்தில் 10 விழுக்காடோ குறைந்தால் மருத்துவர் கவனிக்க வேண்டிய நிலை. 50 கிலோ இருந்த பாட்டிக்கு ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைவது சாதாரண விஷயம் அல்ல. "வயசானா இளைப்பாங்க" என்ற பதிலை ஏற்கக் கூடாது. மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதுகிறார்களா, நிற்க முடியாதவரை எப்படி எடை பார்க்கிறார்கள் என்று சேர்க்கும் முன்பே கேட்க வேண்டும்.

தோல்: ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் படுக்கைப்புண் வரும். முதலில் சிவப்பாக இருக்கும், விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையாது என்று கையேடுகளில் எழுதியிருக்கும். நம்மவர்களின் கருத்த தோலில் அந்தச் சிவப்பு தெளிவாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ நீலமாகவோ இருப்பது, தொட்டால் சூடாக இருப்பது, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருப்பது, அங்கே தொட்டதும் முகம் சுளிப்பது ஆகியவற்றைக் கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் கண்டுகொண்டால் திருப்பிப் படுக்க வைத்தும் அழுத்தத்தைக் குறைத்தும் ஆற்றிவிடலாம். எலும்பு தெரியும் அளவுக்குப் புண் ஆழமானால் மாதக்கணக்கில் ஆகும், உயிருக்கும் ஆபத்து. இல்லத்தில் இப்போது எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் இருக்கிறது, அவற்றில் எத்தனை இங்கே வந்த பிறகு வந்தவை என்று கேட்கலாம். நல்ல இல்லம் எண்ணிக்கையைச் சொல்லும். சில நோயாளிகளுக்கு எவ்வளவு கவனித்தாலும் புண் வரும் என்பதால், ஒன்றிரண்டு இருப்பதைக் குற்றமாக நினைக்க வேண்டியதில்லை. மழுப்பல்தான் கவலைக்குரியது.

நகம், பல், காது, கண்ணாடி ஆகிய சிறிய விஷயங்களும் பேசும். பல்செட் டப்பாவிலேயே கிடக்கிறது, கண்ணாடி யாருடையதோ, காதுக் கருவியில் பேட்டரி இல்லை என்றால், அந்த மனிதரை யாரும் கவனித்துப் பார்க்கவில்லை.

மருந்தும் கட்டும்

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாக இந்தியர்களிடமே அது அதிகம். ஆகவே தமிழ்க் குடும்பம் கேட்க வேண்டிய முதல் மருந்துக் கேள்வி இன்சுலின் பற்றியது. யார் போடுகிறார்? எத்தனை மணிக்கு? சாப்பாடு எத்தனை மணிக்கு? இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கி வியர்வை, நடுக்கம், குழப்பம், மயக்கம் வரும். பேச முடியாதவர் அதைச் சொல்லவும் முடியாது. மருந்து அட்டவணையைப் பார்க்கக் கேட்டால், ஒவ்வொரு வேளைக்கும் கொடுத்தவரின் கையெழுத்து இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கும் சேர்த்து ஒரே பேனாவில் எழுதியதுபோல் இருந்தால் காரணம் கேட்கலாம்.

எப்போது போனாலும் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கும் இல்லம் அமைதியான இல்லம் என்று நினைத்துவிடக் கூடாது. மறதிநோய் உள்ளவர்களை அடக்கிவைக்க மனநோய் மருந்துகளைக் கொடுப்பது உலகமெங்கும் உள்ள பழக்கம். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இம்மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. சேர்த்த பிறகு புதிதாகத் தூக்கம் அதிகமானால், எந்த மருந்து, எந்த மருத்துவர் எழுதியது, எத்தனை நாளுக்கு என்று கேட்பது குடும்பத்தின் உரிமை.

கையைக் கட்டிலோடு கட்டுவதும் நாற்காலியில் பெல்ட் போட்டு வைப்பதும் இன்னும் நடக்கின்றன. "விழுந்துடுவாங்க", "டியூப்பைப் பிடுங்கிடுவாங்க" என்பார்கள். சில வேளை அது உண்மைதான். ஆனால் கட்டுவது கடைசி வழியாக இருக்க வேண்டும். ஆள் குறைவை ஈடுகட்டும் வழியாக அது ஆகிவிடக் கூடாது. அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் காரணம் இல்லாமல் கட்டப்படாமல் இருப்பதை அங்கு தங்கியிருப்போரின் உரிமையாக்கியது. இங்கே குடும்பம் செய்யக்கூடியது, கட்டுவதற்கு முன் தங்களிடம் சொல்ல வேண்டும், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்ப்பார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்று முதல் நாளே கேட்பது.

மொழி, சாப்பாடு, சாமி

மறதிநோய் முற்றும்போது பின்னாளில் கற்ற மொழிகள் முதலில் போகும். ஐம்பது ஆண்டுகள் மலாயிலும் சந்தை ஹொக்கியனிலும் பேசிய தாத்தா கடைசியில் தமிழ் மட்டுமே பேசலாம். ஊழியர்கள் மியன்மார், இந்தோனேசிய நாட்டவர்களாக இருக்கும் இல்லத்தில், "வலிக்குது", "தண்ணி", "ஒண்ணுக்கு வருது" என்ற மூன்று சொல்லும் புரியாவிட்டால் அவர் கத்துவார். கத்தினால் 'முரண்டு பிடிக்கிறார்' என்று எழுதப்படும். அடுத்தது தூக்க மருந்து. ஒரு தமிழ் ஊழியராவது இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் இருபது சொற்களைப் படத்தோடு அட்டையில் எழுதிக் கட்டிலுக்கு அருகில் ஒட்டுவது சிறிய வேலை, பெரிய பலன்.

சாப்பாட்டில் மாட்டிறைச்சி கலக்காமல் இருப்பது, சைவக்காரருக்குத் தனிப் பாத்திரம், வெள்ளிக்கிழமை விரதம் ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். தினமும் வெறும் கஞ்சி மட்டும் கொடுத்தால் ரசமும் குழம்பும் சாப்பிட்டுப் பழகிய நாக்கு சாப்பாட்டையே ஒதுக்கிவிடும். எடை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். திருநீறு பூசிவிடுவது, கட்டிலருகே ஒரு சாமி படம், தைப்பூச ரதம் வரும் நாளில் சக்கர நாற்காலியில் சாலையோரம் வரை அழைத்துப் போவது ஆகியவை பராமரிப்பின் பகுதிதான். இறுதிச் சடங்கு பற்றிய விருப்பத்தையும் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். நள்ளிரவில் மரணம் நேர்ந்தால் யாரை அழைப்பது என்ற குழப்பம் வராது.

பணமும் பத்திரமும்

தனியார் இல்லங்களில் மாதம் 2,000 ரிங்கிட்டைத் தாண்டுவது இன்று சாதாரணம். விளம்பரத்தில் காட்டும் தொகை பெரும்பாலும் அடிப்படைக் கட்டணம்தான். டயாப்பர், பால்மாவு, குழாய் மாற்றுதல், புண்ணுக்கு மருந்து கட்டுதல், மருத்துவமனைக்குத் துணை வருதல், ஆம்புலன்ஸ், உடற்பயிற்சி சிகிச்சை ஆகியவற்றுக்குத் தனித்தனியே எவ்வளவு என்று எழுத்தில் வாங்க வேண்டும். மருத்துவமனையில் இருக்கும் நாள்களுக்குக் கட்டணம் உண்டா, இறந்தாலோ வெளியேறினாலோ வைப்புத்தொகை எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும், கட்டணம் உயர்த்த எவ்வளவு கால முன்னறிவிப்பு என்பவையும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

மைகார்ட், வங்கி அட்டை, நகை ஆகியவற்றை இல்லத்திடம் ஒப்படைப்பதைத் தவிர்ப்பது நல்லது. ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். மருத்துவர் சான்று உள்ள பெற்றோரின் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு வருமான வரியில் ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. கட்டணத்தைச் சமாளிக்க வழியில்லாதவர்கள், மருத்துவமனையிலிருந்து வெளியேறும் முன்பே அங்குள்ள மருத்துவச் சமூகப்பணிப் பிரிவைப் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு அந்த உதவியைத் தேடுவது கடினம்.

சேர்த்த பிறகு

இல்லத்தின் தரம் சேர்த்த நாளோடு நிலைத்துவிடுவதில்லை. நல்ல மேற்பார்வையாளர் ஒருவர் வேலையை விட்டால் ஒரே மாதத்தில் நிலைமை மாறலாம். அடிக்கடி ஆள் வந்து பார்க்கும் முதியவரை ஊழியர்களும் கூடுதலாகக் கவனிப்பார்கள். உறவினர் வராதவரின் படுக்கைக்கு யாரும் அவசரப்படுவதில்லை. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லாரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை போவதைவிட, ஆளுக்கொரு நாள், வெவ்வேறு நேரத்தில் போவது பயனுள்ளது. வெளியூரில் இருப்பவர் வீடியோ அழைப்பில் பேசலாம். அப்போது முகம் மட்டுமல்லாமல் கை, கால், படுக்கையையும் காட்டச் சொல்லலாம்.

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். தேதி, எடை, தோல், மருந்து மாற்றம், சொன்ன புகார், கிடைத்த பதில் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். காயம் இருந்தால் தேதியோடு படம் எடுக்கலாம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் படத்தில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறை இருந்தால் முதலில் இல்லத்தின் பொறுப்பாளரிடம், பணிவாக, ஆனால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சரியாகாவிட்டால் மாவட்டச் சமூகநல அலுவலகம் அடுத்த இடம். தீவில் தீமோர் லாவுட், பாராட் டாயா, பெருநிலத்தில் செபராங் பிறை ஊத்தாரா, தெங்ஙா, செலாத்தான் என்று பினாங்கில் ஐந்து மாவட்டங்கள் உள்ளன. தாலியான் காசே 15999 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். அடித்த தழும்பு, விளக்கம் இல்லாத எலும்பு முறிவு, நீர் இல்லாமல் வற்றிய உடம்பு ஆகியவை தெரிந்தால் முதலில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், பிறகு போலீஸ் புகார் செய்ய வேண்டும். "சொன்னால் அம்மாவைத்தான் பழிவாங்குவார்கள்" என்ற பயம் பல குடும்பங்களைக் கட்டிப்போடுகிறது. அந்தப் பயம் வந்துவிட்ட இல்லத்தில் அம்மாவை வைத்திருக்கலாமா என்பதே அடுத்த கேள்வி.

கையில் எடுத்துச் செல்ல பத்துக் கேள்விகள்

1. எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு? சான்றிதழின் முகவரியும் காலாவதி தேதியும் சரியா?
2. இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கும் ஊழியர் எத்தனை பேர்? படுக்கையோடு இருப்பவர் எத்தனை பேர்?
3. பதிவு பெற்ற தாதி இருக்கிறாரா? எந்த நேரத்தில்?
4. மாதந்தோறும் எடை பார்த்து எழுதப்படுகிறதா? பதிவைக் குடும்பம் பார்க்கலாமா?
5. இப்போது படுக்கைப்புண் உள்ளவர் எத்தனை பேர்? அவற்றில் இங்கே வந்தவை எத்தனை?
6. மருந்தும் இன்சுலினும் கொடுப்பவர் யார்? கையெழுத்துப் பதிவு இருக்கிறதா?
7. கட்டி வைப்பதும் தூக்க மருந்தும் யாருடைய அனுமதியோடு?
8. தமிழ் தெரிந்த ஊழியர் உண்டா? உணவு விதிகள் காக்கப்படுமா?
9. தீப்பிடித்தால் சாவி எங்கே? கீழே இறக்குவது யார்?
10. சொல்லாமல் எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாமா?

பத்திலும் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் முக்கியமானது. தொற்றுநோய்க் காலத்திலோ இரவு ஓய்வு நேரத்திலோ கட்டுப்பாடு வைப்பதற்கு நியாயம் உண்டு. மற்ற நேரங்களில், "முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள்" என்று பிடிவாதமாகச் சொல்லும் இல்லத்தைவிட, "எப்போ வேணும்னாலும் வாங்க, சாப்பாட்டு நேரத்துல வந்தா நீங்களே ஊட்டிவிடலாம்" என்று சொல்லும் இல்லம், சுவரில் சாயம் சற்று உதிர்ந்திருந்தாலும், பெரும்பாலும் நம்பத்தக்கதாக இருக்கும்.